கன்வர்ட்டரைக் கழற்றினால் வண்டி இழுவை கூடுமா?

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பகுதியில் நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சிறிய லோடு வண்டி என்பது இரண்டாவது வயல் மாதிரி. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் காய்கறியும் அதில் போகின்றன. மானாவாரிக் கரிசல் வெறுமனே கிடக்கும் மாதங்களில் அச்சகங்களுக்குக் காகிதக் கட்டு, தீப்பெட்டி ஆலைகளுக்கு அட்டைப் பெட்டி என்று அதே வண்டி வாடகைக்கு ஓடுகிறது. ஆகவே வண்டி இழுக்கவில்லை என்றால் இரு பக்கத்து வருமானமும் குறைகிறது.

அப்படி இழுவை குறைந்த வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் சில இடங்களில் கிடைக்கும் யோசனை இதுதான்: "அண்ணாச்சி, அடியில இருக்கிற கன்வர்ட்டர்தான் புகையை அடைக்குது. அதை அறுத்து எடுத்துட்டு நேர் பைப் போட்டுத் தாரேன். வண்டி பறக்கும்." வேறு சிலர் கன்வர்ட்டரின் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி நொறுக்கிக் கொட்டிவிடுவார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இதனால் இழுவை கூடுகிறதா? நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டரை எடுத்தால் கூடுவது மிகச் சொற்பம். லோடு வண்டி ஓட்டுபவருக்கு அது தெரியக்கூட தெரியாது. அடைத்துப்போன கன்வர்ட்டரை எடுத்தால் கட்டாயம் கூடும். ஆனால் அது ஏன் அடைத்தது என்று பார்க்காமல் எடுத்தால், வண்டியில் இருக்கும் உண்மையான கோளாறு அப்படியே தங்கிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயில், சைலன்சருக்கு முன்னால், வயிறு உப்பிய டப்பா போல் இருப்பதே கன்வர்ட்டர். அதற்குள் பீங்கானால் செய்த தேன்கூடு ஒன்று இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் சாதாரணமாக 400 கண்கள். கண்களுக்கு இடையே உள்ள சுவர் காகிதம் போல் மெல்லியது. அந்தச் சுவர்களின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் பூசப்பட்டிருக்கின்றன. இவை தாம் கரையாமலும் எரியாமலும், தம்மீது உரசிச் செல்லும் நச்சு வாயுக்களை மாற்றுகின்றன. கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி நீராவியும் கரியமில வாயுவும் ஆகிறது. பெட்ரோல் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடுகள் மீண்டும் நைட்ரஜன் வாயுவாகின்றன. கன்வர்ட்டர் வேலை செய்யச் சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேட் சூடு வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இது பரவலாக வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு முதலில் கட்டாயமாக்கப்பட்டது. பெட்ரோலில் கலந்த ஈயம் இந்த உலோகப் பூச்சைக் கெடுத்துவிடும். அதனால் ஈயம் இல்லாத பெட்ரோலும் அந்த நகரங்களில் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோலே விற்பனைக்கு வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதற்கும் அமலாயின. 2020-க்குப் பிறகு வாங்கிய மொபெட்டின் சைலன்சருக்குள்கூட ஒரு சிறு கன்வர்ட்டர் இருக்கிறது. ஊரில் பலருக்கு இது தெரியாது.

எவ்வளவு சக்தியைத் தின்கிறது?

எஞ்சின் என்பது ஒருவகைப் பம்புதான். காற்றை உறிஞ்சுகிறது, எரித்த வாயுவை வெளியே தள்ளுகிறது. தள்ளும் வழியில் தடை இருந்தால் அதற்குக் கொஞ்சம் சக்தி செலவாகும். கிணற்று மோட்டாருக்கு டெலிவரிக் குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் குறைவதைப் போலத்தான் இதுவும். ஆகவே கன்வர்ட்டர் சக்தியைக் கொஞ்சமும் தின்னாது என்று சொல்வது பொய். ஆனால் அதன் வயிறு குழாயைவிட அகலமாகச் செய்யப்பட்டிருப்பதே தடையைக் குறைப்பதற்காகத்தான். சுவர்கள் மெல்லியவை என்பதால் வாயு செல்லும் மொத்த வழி குறுகுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டர், எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும்போது ஓரிரண்டு சதவிகிதம் சக்தியை எடுத்துக்கொள்ளும். 70 குதிரைச் சக்தி வண்டியில் இது ஒன்று அல்லது ஒன்றரைக் குதிரைச் சக்தி. அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சின் அலறும் வேகத்தில்தான். லோடு ஏற்றிய வண்டி வண்டிப்பாதையிலிருந்து தார்ச்சாலை மேட்டில் ஏறும்போது எஞ்சின் அந்த வேகத்தில் சுற்றுவதில்லை. பாதி வேகத்தில்தான் முக்குகிறது. அப்போது வெளியேறும் வாயுவும் பாதிதான். தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இழுவை வேண்டிய இடத்தில் கன்வர்ட்டர் கிட்டத்தட்ட குறுக்கே வருவதே இல்லை.

கணக்குப் பார்க்கலாம். லோடோடு சேர்த்து வண்டியின் எடை இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒன்றரை சதவிகிதம் சுமார் 38 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. கன்வர்ட்டரை அறுத்து எடுப்பதால் கிடைக்கும் அதிகபட்ச லாபத்தை, ஒரு மூட்டையைக் குறைத்து ஏற்றினாலே செலவில்லாமல் அடைந்துவிடலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் குதிரைச் சக்தி, புகைக்குழாய், கன்வர்ட்டர், சைலன்சர் எல்லாம் பொருத்திய எஞ்சினைச் சோதித்துப் பார்த்துப் போட்டதுதான். கன்வர்ட்டர் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கில் முன்பே கழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே வண்டி வாங்கிய புதிதில் நன்றாக இழுத்து, இப்போது இழுக்கவில்லை என்றால், புதிதிலும் கன்வர்ட்டர் அங்கேயேதான் இருந்தது என்பதை ஷெட்டில் உள்ளவரிடம் கேட்கலாம்.

பந்தயக் கார்களில் அகலக் கண் கொண்ட கன்வர்ட்டரை மாற்றிச் சக்தி கூட்டுகிறார்களே என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. அது உண்மைதான். அந்த எஞ்சின்கள் எப்போதும் உச்ச வேகத்தில் சுற்றுபவை. டர்போ உள்ள டீசல் வண்டியிலும் புகைவழி திறந்திருந்தால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுற்றத் தொடங்கும். ஆனால் 'பத்து, பதினைந்து குதிரைச் சக்தி கூடியது' என்று சொல்லப்படும் இடங்களில் எல்லாம் கூடவே எஞ்சின் கம்ப்யூட்டரையும் மாற்றி டீசலைக் கூடுதலாக அடித்திருப்பார்கள். சக்தி வந்தது அந்த டீசலில். அதற்கான விலையை பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் கிளட்ச்சும் பிற்பாடு கொடுக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மையான அனுபவம் இருக்கிறது.

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. கிராமத்தில் பால் கேனும் புல்லுக்கட்டும் உரமூட்டையும் அதில் ஏறின. அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில் பாதி எரிந்தும் எரியாமலும் சைலன்சருக்குள் பிசினாகப் படிந்து, கரிக்கட்டியாக இறுகிவிடும். சில மாதங்களில் வண்டி முக்க ஆரம்பிக்கும். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி, நெருப்பில் போட்டுச் சுட்டு, கட்டையால் தட்டுவார். கரி பொலபொலவென்று கொட்டும். திரும்ப மாட்டினால் வண்டி புதுசு மாதிரி போகும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். 'புகைவழியைத் திறந்தால் சக்தி வரும்' என்ற பாடம் அந்தத் தலைமுறையின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயில் எரிவதில்லை. சைலன்சரில் அப்படிக் கரி கட்டுவதும் இல்லை. ஆனால் பழைய பழக்கத்தில் இன்றும் சைலன்சரைச் சுட்டுத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கன்வர்ட்டர் உள்ள சைலன்சரைச் சுட்டுத் தட்டினால் உள்ளே உள்ள கூடு தளர்ந்துபோகும், பூச்சு உதிரும். நல்ல வண்டியைக் கெடுத்த கதைதான். எஞ்சின் ஆயிலே எரிகிற அளவுக்கு ரிங் தேய்ந்து, அதனால் கரி கட்டியிருந்தால் பார்க்க வேண்டியது ரிங்கைத்தான்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் நடந்தது. 1970-களின் நடுவில் கார்களின் குதிரைச் சக்தி திடீரென்று சரிந்தபோது அங்குள்ளவர்கள் பழியைக் கன்வர்ட்டர் மேல் போட்டார்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக எஞ்சினின் கம்ப்ரஷனைக் குறைத்ததும், சக்தியை அளக்கும் முறையையே 1972 வாக்கில் மாற்றியதும் பெரிய காரணங்கள். ஆரம்பகாலக் கன்வர்ட்டர்கள் சில, தேன்கூடாக இல்லாமல் சிறு உருண்டைகளை அடைத்தவையாக இருந்து, அதிகத் தடை கொடுத்ததும் உண்மை. அந்தக் காலத்துப் பெயர் இன்றைய கன்வர்ட்டரையும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையிலேயே அடைத்துக்கொண்டால்

கன்வர்ட்டர் தானாக அடைப்பதில்லை. எஞ்சினில் வேறொரு கோளாறு அதைக் கொல்கிறது. பெட்ரோல் வண்டியில் அடிக்கடி நடப்பது இது: ஒரு பிளக் சரியாக அடிப்பதில்லை, அல்லது இக்னிஷன் காயில் பழுது. எரியாத பெட்ரோல் அப்படியே சூடான கன்வர்ட்டருக்குள் போய் அங்கே பற்றி எரிகிறது. சூடு அளவுக்கு மீறி ஏறும்போது பீங்கான் கூடு உருகி, கண்கள் மூடிக்கொள்கின்றன. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏற மறுக்கும். இரவில் பார்த்தால் அடியில் டப்பா செந்நிறமாகத் தெரியும். இந்த நிலையில் கன்வர்ட்டரை அறுத்து எடுத்தால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிளக் பழுது அப்படியே இருக்கிறது. பெட்ரோல் வீணாகிக்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பார்க்காமல் புதுக் கன்வர்ட்டர் போட்டாலும் அதுவும் சில நாளில் போகும். எது செய்தாலும் முதலில் பிளக், காயில், இன்ஜெக்டர்.

ஆயில் எரியும் எஞ்சினில் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதை மூடிவிடும். மண்ணெண்ணெய் கலந்த எரிபொருளும் கெடுதல்தான். பள்ளத்தில் இறங்கி வயிறு கல்லில் அடிபட்டால் பீங்கான் உடையும். கையுறை போட்டு, ஆறிய கன்வர்ட்டரைத் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே உடைந்திருக்கிறது என்று பொருள்.

டீசல் வண்டிக்கு வேறு விதம். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் கன்வர்ட்டரை அடுத்து, கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இதன் கண்கள் ஒன்றுவிட்டு ஒன்று மூடப்பட்டிருக்கும். புகை சுவரின் வழியாகவே கசிந்து போக வேண்டும். இது கன்வர்ட்டரைவிடக் கூடுதல் தடை கொடுப்பதுதான். கரி நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரித்துவிடும். இது நடக்க, வண்டி நின்று நின்று போகாமல் ஒரே சீராகச் சிறிது நேரம் ஓட வேண்டும்.

நாரணாபுரத்து வண்டிகளுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தோட்டத்திலிருந்து ஊர், ஊரிலிருந்து சிவகாசி மார்க்கெட், அச்சகத்து வாசலில் எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம் காத்திருப்பு என்று எல்லாம் குட்டி ஓட்டங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. கரி எரிவதற்கு முன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். கரி மேலும் மேலும் சேர்கிறது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. அதையும் கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியைத் தானே குறைத்துவிடும். ஓட்டுபவர் வண்டி இழுக்கவில்லை என்று ஷெட்டுக்குப் போகிறார்.

இதற்கு மருந்து எளிது. வடிகட்டி விளக்கு எரிந்தால், வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி, சாத்தூர் பக்கமோ விருதுநகர் பக்கமோ நெடுஞ்சாலையில் 20, 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வர வேண்டும். வாரம் ஒருமுறை தொலைவுச் சவாரி இருக்கிற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை வருவது குறைவு. இன்னொரு அடையாளம் முக்கியம்: கரி எரிப்பது பாதியில் திரும்பத் திரும்பத் தடைபட்டால், கூடுதலாக அடித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். 'ஆயில் குறையவில்லையே' என்று சந்தோஷப்படாமல் உடனே மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது.

அடைப்பு இருக்கிறதா என்பதைச் சந்தேகத்தின் பேரில் முடிவு செய்யத் தேவையில்லை. பெட்ரோல் வண்டியில் கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்க்கலாம். ஐடிலில் ஒன்றேகால் பவுண்டுக்கும், 2,500 சுற்றில் மூன்று பவுண்டுக்கும் கீழே முள் நின்றால் புகைவழியில் குற்றமில்லை. டீசல் வண்டியில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனரே காட்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கட்டிங் வீலை எடுக்கிற ஷெட்டில் வண்டியை விடக் கூடாது.

மூட்டை யூரியாவை ஊற்றலாமா?

பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளிலும் சில சிறிய வண்டிகளிலும் டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல். 100 கிலோ கரைசலில் யூரியா 32.5 கிலோ, மீதி சுத்திகரித்த தண்ணீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் யூரியா அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாக்குகிறது. மேலுரம் போட்ட வயலில் மூக்கில் ஏறும் அதே அம்மோனியாதான்.

கரைசல் தீர்ந்தால் கம்ப்யூட்டர் முதலில் எச்சரிக்கும், பிறகு சக்தியைக் குறைக்கும். இதைத்தான் பலர் 'கன்வர்ட்டர் இழுவையைத் தின்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். விவசாயி வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறதே, தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று தோன்றுவது இயற்கை. செய்யவே கூடாது. 2015-லிருந்து வயலுக்கு வரும் யூரியா முழுவதும் வேம்பு பூசியது. அந்த எண்ணெய் தெளிப்பு முனையை அடைக்கும். வயல் யூரியாவில் பையூரெட் என்ற கலப்பு ஒன்றரை சதவிகிதம் வரை அனுமதி. வண்டிக் கரைசலிலோ 0.3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இலைவழித் தெளிப்பில் இலை நுனி கருகினால் பையூரெட்டைச் சந்தேகிப்பார்களே, அதே பொருள் குழாய்க்குள் கட்டியாக இறுகிவிடும். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு மிச்சத்தையும் கெடுக்கும். மேலும், மானிய உரத்தைப் பயிருக்கு அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமாகும்.

டிராக்டரில் இது உண்டா?

ஊரில் ஓடும் 35, 45 குதிரைச் சக்தி டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கன்வர்ட்டரே கிடையாது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குத்தான் 2023 ஜனவரியிலிருந்து கடுமையான புகை விதி வந்தது. கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினிலும் கன்வர்ட்டர் இல்லை. ஆகவே டிராக்டர் சைலன்சரை எடுத்து வெறும் குழாய் மாட்டுவதால் காதடைக்கும் சத்தம்தான் மிச்சம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களின் சக்தியை அளந்து அறிக்கை வெளியிடுகிறது. அந்த எண்கள் கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே டிராக்டரை ஓட்டி எடுத்தவை. சைலன்சரோடுதான் அந்தச் சக்தி.

கரிசலைப் புழுதி உழவு செய்யும் டிராக்டரில் இழுவை குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் கிளீனர். ஆயில் பாத்திர ஏர் கிளீனரில், ஒருநாள் உழவிலேயே அடியில் சேறு மாதிரிப் புழுதி படிந்துவிடும். புழுதி உழவு நாட்களில் தினமும் திறந்து பார்த்து, சேறு இருந்தால் கொட்டிக் கழுவி, குறியிட்ட மட்டத்துக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் ஆயில் எஞ்சினுக்குள் இழுக்கப்படும். பிறகு டீசல் பில்டர், அதில் தேங்கும் தண்ணீர். பிறகு இன்ஜெக்டர் நாசில்; பிறகு டேப்பட் இடைவெளி.

புகையின் நிறமே பாதி நோயைச் சொல்லிவிடும். கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளையாகவே வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. லோடு வண்டியில் இவற்றோடு கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, டயரில் காற்று சரியா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்க டயரில் காற்று குறைந்த வண்டிக்குக் கன்வர்ட்டரைக் கழற்றுவது, கால்வலிக்குத் தலையைச் சிரைத்துக்கொள்வது போலத்தான்.

பொறியும் படப்பும்

வேறு ஊர்களில் இந்தப் பேச்சு சக்தி, மைலேஜ், அபராதம் என்று முடிந்துவிடும். சிவகாசி வட்டாரத்தில் அப்படி முடிக்க முடியாது. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளும் கன்வர்ட்டரின் கூடும் சத்தத்தையும் புகையையும் மட்டும் அடக்குவதில்லை. குழாய்ச் சுவரிலிருந்து பெயர்ந்து வரும் சூடான கரித்துணுக்குகளையும் நிறுத்துகின்றன. அவற்றை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பொறி நேராக வெளியே பறக்கும். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை விடும்போது எரியாத ஆவி குழாய் நுனியில் பற்றி 'படார்' என்று வெடிப்பதும் உண்டு. வெடிமருந்து புழங்கும் வளாகங்களுக்குள் போகும் வண்டிகளின் புகைக்குழாயில் பொறி தடுப்பான் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். பட்டாசு ஆலைக்கு அட்டைப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டியில், காகிதமும் வைக்கோலும் பருத்திமாரும் ஏற்றுகிற வண்டியில், பொறி பறக்கும் குழாயை மாட்டிக்கொண்டு போவது எத்தனை குதிரைச் சக்திக்கும் ஈடாகாது.

கன்வர்ட்டர் இருக்கும் வண்டிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓடி வந்த வண்டியின் கன்வர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதைக் களத்தில் சருகு மேலோ, படப்பை ஒட்டியோ, முழங்கால் உயரக் காய்ந்த புல்லிலோ நிறுத்தினால் அடியில் உரசும் புல் பற்றிக்கொள்ளலாம். டீசல் வண்டி கரியை எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் சூடு அதிகம்.

அபராதமும் பழைய இரும்பும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி செய்த நிலையிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். காற்று மாசு, சத்தம் பற்றிய விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. பாரத் ஸ்டேஜ் 4, 6 பெட்ரோல் கார்களில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் இந்த அளவுக்குள் வருவது கடினம். வாடகை வண்டிக்கு எஃப்.சி. போகும்போதும் இதே சோதனை உண்டு. அந்த நேரத்தில் புதுக் கன்வர்ட்டர் வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும்.

விலை என்றதும் ஒன்று. கழற்றிய கன்வர்ட்டரைப் பல ஷெட்டுகளில் உரிமையாளர் கேட்பதே இல்லை. பழைய இரும்பு என்று விட்டுவிடுகிறார். உள்ளே உள்ள பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் அதை வாங்கிச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 'கூலி வேண்டாம், சும்மா கழற்றித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

ஏற்கனவே கழற்றி நேர்க்குழாய் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பழைய கன்வர்ட்டர் கைவசம் இருந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பார்க்க வேண்டும். கண்கள் எல்லாம் திறந்து, கூடு உடையாமல் இருந்தால் புது கேஸ்கெட் வைத்துத் திரும்ப மாட்டிவிடலாம். உருகியோ உடைந்தோ இருந்தால் எஞ்சின் கோளாறை முதலில் சரிசெய்துவிட்டு, வண்டிக் கம்பெனியின் எண் குறித்த புதியதையே வாங்கி மாட்ட வேண்டும். சென்சார் வயர்களை அறுத்திருந்தால் அவற்றையும் சேர்த்து, ஸ்கேனரில் பழைய பிழைகளை அழிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு 20 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து, விளக்கு மறுபடி எரியாமல் இருந்தால் வேலை முடிந்தது.